இறந்த மூளையில் நொதியை அளப்பது எப்படி?

இதயம் நின்றாலும் மூளையில் இருக்கும் நொதிகள் உடனே செத்துவிடுவதில்லை. நொதி என்பது புரதம். அதன் வடிவம் கெடாதவரை, வெட்ட வேண்டிய பொருளைக் கொடுத்தால் சோதனைக் குழாயிலும் வெட்டும்.

அசிட்டைல்கோலினெஸ்டரேஸையே எடுத்துக்கொள்வோம். நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் வெட்டிப்போடுவது இதுதான். பல பூச்சிமருந்துகள் முடக்குவதும் இதைத்தான். தானமாகக் கிடைத்து, மைனஸ் 80 டிகிரியில் உறைந்த மூளைத் திசுவில் சிறு துண்டை எடுத்து, ஐஸில் வைத்த கண்ணாடிக் குழாயில் அரைப்பார்கள். அந்தக் கலங்கல் நீரில் கந்தகம் சேர்ந்த அசிட்டைல்தயோகோலினை விட்டதும், ஏமாந்துபோய் நொதி அதையும் வெட்டும். வெட்டுண்ட துண்டு டிடிஎன்பி என்ற வேதிப்பொருளோடு சேர, கரைசல் மஞ்சளாகும். 412 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சள் ஏறும் வேகத்தைக் கருவி அளக்கிறது. 1961இல் எல்மன் குழுவினர் தந்த இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை நம்பலாமா? இதுதான் உண்மையான சிக்கல். இது உயிரோடிருந்தபோது நொதி ஓடிய வேகம் அல்ல. எஞ்சியிருக்கும் திறன் மட்டுமே. சென்னையில் வெளியூர்ப் பிள்ளைகள் வரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைப்பது வழக்கம். தோல் சில்லிட்டாலும் மண்டையோட்டுக்குள் மூளையின் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும்; அதுவரை அங்கே நொதி கெட்டுக்கொண்டிருக்கலாம். மே மாத வெயிலில் பெட்டி வரத் தாமதமானால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சில நொதிகளுக்கு, இறந்தபின் கழிந்த நேரத்தைவிட இறந்த விதம்தான் பெரிய வில்லன். நாள்கணக்கில் மூச்சுக்குத் திணறி இறந்தவரின் மூளையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் ஏறினால் இது இறங்கும்) இறங்கியிருக்கும். காபா என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் ஜிஏடி நொதி அப்போது வெகுவாகக் குறைந்துவிடும். திடீர் மாரடைப்பில் போனவரோடு அவரை ஒப்பிட்டால், நோயே இல்லாத இடத்தில் நோய் தெரியும். அதனால்தான் திசுவின் பிஎச்சை முதலில் பார்க்கிறார்கள்.

அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி இந்த விஷயத்தில் கொஞ்சம் உறுதியானது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அது மிகவும் குறைந்திருப்பது 1976இல் தெரியவந்தது. நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் டோனெபெசில் மாத்திரையின் பின்னால் இருப்பது அந்தக் கண்டுபிடிப்புதான்: தயாரிப்பு குறைந்தால், வெட்டுபவனான அசிட்டைல்கோலினெஸ்டரேஸைக் கட்டிப்போடு.

ஆகவே மூளைதானம் செய்யும் குடும்பத்தார் இறந்த நேரத்தோடு கடைசி நாட்களின் காய்ச்சல், வென்டிலேட்டர், மாத்திரைகள், ஐஸ் பெட்டியில் வைத்த நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், ஆய்வகத்துக்கு அது திசுவுக்குச் சமமான உதவி.