சிட்னியின் ஓட்டை டாலர்

1787இல், ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் கைதிகளைக் குடியேற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்களில் விதையும் கோடரியும் உப்புக்கண்டமும் ஏறின. ஊருக்கென்று ஒரு நாணயம் மட்டும் ஏறவில்லை. கைதிகளுக்குக் காசு எதற்கு என்ற நினைப்புதான்.

ஆனால் சந்தை காசுக்காகக் காத்திருக்காது. அரசுக் கிடங்கில் கோதுமை அளந்த விவசாயிக்கு ஒரு ரசீது கிடைக்கும். அந்தச் சீட்டே கைமாறிக் கைமாறிப் பணமாக ஓடியது. சில்லறை வியாபாரத்துக்குத் தேயிலை, பன்றிக்கறி, எல்லாவற்றுக்கும் மேலாக ரம். ரம் கெடாது, எந்த அளவுக்கும் பிரித்து ஊற்றலாம், வேண்டாம் என்பாரும் குறைவு. கெடுதலும் அதிலேயே இருந்தது: தண்ணீர் கலக்கலாம், குடித்தும் தீர்த்துவிடலாம். வந்த சரக்கைக் கூட்டாக மடக்கிப்போட்ட ராணுவ அதிகாரிகள் சொன்னதுதான் விலை.

உலோகக் காசு மாலுமிகளின் பையிலிருந்துதான் வந்தது. 1800 நவம்பரில் ஆளுநர் கிங் அதற்கெல்லாம் விலை கட்டி ஒரு பட்டியல் வெளியிட்டார். ஸ்பானிய டாலர் என்ற வெள்ளிக்காசு 5 ஷில்லிங், ரூபாய் 2 ஷில்லிங் 6 பென்ஸ் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்). நம் ஊர் வராகனும் அதில் உண்டு: 8 ஷில்லிங். வெளி மதிப்பைவிடச் சற்றுக் கூட்டி வைத்தால் காசு ஊரிலேயே நிற்கும் என்பது கணக்கு. நிற்கவில்லை. கல்கத்தாவிலிருந்து சரக்கு கொண்டுவந்த கப்பல்காரருக்குத் திரும்ப ஏற்றிப்போக அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் வெள்ளியையே மூட்டை கட்டினார். சில பென்ஸ் வித்தியாசம் அவரைத் தடுக்குமா?

1812 நவம்பரில் சமராங் கப்பல் மதராஸிலிருந்து 40,000 ஸ்பானிய டாலர்களை இறக்கியது. அவையும் அடுத்த கப்பலிலேயே போய்விடும் என்று ஆளுநர் மக்குவாரிக்குத் தெரியும். டாலரின் நடுவை வெட்டி எடுக்கச் சொன்னார். நடுவில் ஓட்டையோடு மிஞ்சிய வளையம்தான் ‘ஓட்டை டாலர்’: 5 ஷில்லிங், அதாவது 60 பென்ஸ். வெட்டி எடுத்த வில்லை, அதாவது ‘டம்ப்’, 15 பென்ஸ். ஆக 75 பென்ஸ். முழு டாலருக்கு வெளியில் கிடைத்தது சுமார் 57 பென்ஸ்தான். எடைப்படி பார்த்தால் சூட்சுமம் இன்னும் தெளிவு: 27 கிராம் காசில் வளையத்துக்கு ஏறக்குறைய 21 கிராம், அதன் வெள்ளிக்குத் தேறுவது சுமார் 44 பென்ஸ்தான். ஊருக்குள் 60 பென்ஸுக்குச் செல்லும் வளையத்தை வெளியே கொண்டுபோகிறவருக்குக் கால் பங்குக்கு மேல் கைநட்டம். போதாக்குறைக்கு, காசை ஏற்றிச் செல்லமாட்டேன் என்று கப்பல் தலைவர்கள் 200 பவுண்டுக்குப் பிணையும் எழுதித்தர வேண்டியிருந்தது.

வேலையை ஏற்றவர் வில்லியம் ஹென்ஷால். இங்கிலாந்தில் கள்ள நாணயம் அடித்துத் தண்டனை பெற்று வந்த கைதி! திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான், ஆனால் ஊரில் அந்த வித்தை தெரிந்த ஆள் வேறு யார்?

முதலில் நடுவைத் துளைத்தெடுக்க வேண்டும். பிறகு ஓட்டையைச் சுற்றி ஒரு பக்கம் ‘நியூ சவுத் வேல்ஸ்’, 1813 என்றும், மறுபக்கம் ‘ஐந்து ஷில்லிங்’ என்றும் அச்சு அடிக்க வேண்டும். வில்லைக்குக் கிரீடமும் ‘பதினைந்து பென்ஸ்’ என்ற எழுத்தும் தனி அச்சு. ஆளுநர் எதிர்பார்த்தது மூன்று மாதம். கருவிகளையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால் ஓராண்டுக்கு மேல் இழுத்தது. அதனால்தான் 1813 என்று பொறித்த காசு 1814இல் புழக்கத்துக்கு வந்தது. 40,000இல் தேறியவை 39,910.

1822 முதல் அவற்றைத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். 1829இல் செல்லாக்காசாக்கினார்கள். பெரும்பாலானவை உருக்கப்பட்டன. மிஞ்சியவை ஏறக்குறைய 300 வளையங்கள், 1,000 வில்லைகள். சில வில்லைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கிரீடத்தின் அடியில் பழைய ஸ்பானிய அச்சின் கோடுகள் மங்கலாகத் தெரியும்.