காருக்கா காசு, வர்த்தமானிக்கா?

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்தால் எனக்கு வேலை கூடும். வாகனம் வாங்கக் கடன் கொடுக்கும் லீசிங் நிறுவனங்களுக்கு வாகனங்களை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று ஓடித் திரிவேன். போன முறை ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு விவசாயி, தான் எடுக்கப்போகும் வகன் ஆர் கார் ஒன்றைக் காட்டினார். வீட்டில் ஆறு பேர். வயலுக்குப் போகிற பாதை மாரியில் முழங்கால் சேறு.

"ஏன் அண்ணை இதை எடுக்கிறியள்?"

"என்ர காசுக்கு இதுதானே தம்பி வருது."

உண்மைதான். ஆனால் அந்தக் காசுக்கு ஏன் அது மட்டும் வருகிறது என்று வாங்குகிறவர்கள் யோசிப்பது குறைவு. அது ஜப்பானில் 'கேய்' என்ற சிறு கார் வகை. எஞ்சின் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது, நீளம் 3.4 மீற்றருக்குள் நிற்க வேண்டும், நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இதெல்லாம் அந்த நாட்டுச் சட்டம். அதற்குள் நின்றால் அங்கே வரி குறைவு. இங்கேயும் இறக்குமதிக் காருக்கு உற்பத்தி வரி எஞ்சின் அளவை வைத்துத்தான் விழுகிறது. 1000, 1300, 1500 சிசி என்று வர்த்தமானியில், அதாவது அரசு விதிகளை அறிவிக்கும் ஏட்டில், கோடுகள் கீறி வைத்திருக்கிறார்கள். 1000 ஐத் தாண்டினால் வரி ஒரேயடியாக ஏறும். ரொயோட்டாவின் விட்ஸும் ரெய்ஸும் 996 சிசியில் வந்து இங்கே இவ்வளவு ஓடுவதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். மின்சாரக் கார் என்றால் மோட்டாரின் கிலோவாட் கணக்கு. இவ்வளவுக்கும் மேலே 18 வீத வற் (பெறுமதி சேர் வரி), அதுவும் போட்ட வரிகளைச் சேர்த்த தொகைக்கு. ஆக, ஜப்பான் நகரத் தெருவுக்கு அளவெடுத்த கார் கொழும்பின் வரிக்கோட்டுக்குள் நுழைந்து ஒட்டுசுட்டான் சேற்றுக்கு வந்து சேருகிறது.

எல்லா விதியையும் திட்டவும் முடியாது. 2018 இல் முன்னிருக்கை இரண்டுக்கும் எயார் பேக், சடுதியாகப் பிடித்தாலும் சில்லு பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக் இல்லாமல் கார் இறக்க முடியாது என்று வந்தது. அதற்கு முந்திய மலிவுக் கார்கள் சிலவற்றில் இரண்டுமே இல்லை. இரவில் ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் ஏபிஎஸ்ஸின் அருமை தெரியும்.

பெரிய அடி இறக்குமதித் தடையால் வந்தது. டொலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நிறுத்தியதை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 இல்தான் திறந்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் தடையில் ஒஸ்டின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். வாகனத் தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் இந்த முறை பலர் ஏமாந்தார்கள். மாங்குளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இனிமேல் கார் வராதாம் என்ற கதையை நம்பி, 2022 இல் பணிக்கொடைக் காசில் எட்டு வயதுக் கார் ஒன்றை எடுத்தார். புதிதாய் இறங்கியபோது அதன் விலை எவ்வளவோ, அதைவிடக் கூடக் கொடுத்து. போன வருடம் விற்க வந்தார். நான் சொன்ன பெறுமதியைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் குடுத்தது காருக்கில்லையா?" என்றார். இல்லை சேர், தடைக்குத்தான் கொடுத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை.

இப்போது கார் வருகிறது, சரி. புதிய குழப்பம் வயதில். பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு உட்பட்டதைத்தான் இறக்கலாம் என்பது 2025 இல் வந்த விதி. அதனால் 2025 இல் இங்கே பதிவான கார் 2022 இல் செய்ததாகவும் இருக்கலாம். எங்கள் ஆட்களோ நம்பர் பிளேட் எழுத்தைப் பார்த்து விலை பேசுகிறார்கள்! பிளேட் சொல்வது இங்கே பதிந்த காலத்தை மட்டும்தான். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். பிறகு வாகனத்தின் உடலில் பொறித்த சேசிஸ் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது ஓடிய தூரத்தைக் குறித்த ஏல அறிக்கை இருந்தால் மீட்டர் குறைத்திருக்கிறார்களா என்பதும் பிடிபடும்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி எல்லை போடுகிறது, அதை அடிக்கடி மாற்றவும் செய்கிறது. எல்லை இறங்கினால் உடனே எனக்குத் தொலைபேசி வரும்: "பெறுமதியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ." கூட்டிப் போட்டால் முன்பணமாகக் கட்டும் கைக்காசு குறையும், உண்மை. ஆனால் தவணை அந்தக் கூடிய கணக்குக்குத்தான் வரும். இரண்டு போகம் பொய்த்துத் தவணை கட்ட முடியாமல் போய் வாகனத்தைப் பறித்தால், விற்ற காசு கடனை அடைக்காது. மிச்சத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒட்டுசுட்டான் அண்ணையும் கேட்டார். நான் கூட்டவில்லை, இரண்டு கிழமை கோபத்தில் இருந்தார். இப்போது வகன் ஆரை விட்டுவிட்டுப் பழைய டீசல் கெப் (பிக்கப்) ஒன்று தேடுகிறார். முந்தநாள் ஒன்றின் சேசிஸ் நம்பரை அனுப்பியிருந்தார். புத்தகத்தில் உள்ள ஆண்டோடு அது பொருந்தவில்லை.