கழிவு விலையில் ட்ரெயில் பைக்: 150ஆ, 250ஆ?

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் என் கராஜுக்குப் பைக் இல்லாமல் சிலர் வருவார்கள். கையில் போன் மட்டும் இருக்கும். போனில் ஷோரூமில் எடுத்த ட்ரெயில் பைக் படம், அதாவது தார் வீதியிலும் கல்லுப் பாதையிலும் ஓடுகிற பைக்கின் படம். படத்தில் குறுக்கே கோடு போட்ட பழைய விலை, அதற்குக் கீழே சிவப்பில் புது விலை. "அண்ணே, 150 சீசிக்குச் சொன்ன காசுக்கே இப்ப 250 சீசி தர்றாங்க. விடலாமா?"

இந்த முறை வந்தவர் ஒரு மாஸ்டர். வீடு நோர்வூட் பக்கம். படிப்பிக்கிற பாடசாலை தோட்டத்தின் மேல் டிவிசனில். தார் வீதி முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை, பாதி கொங்கிரீட், பாதி கல்லும் சேறும். சனிக்கிழமைகளில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வருவார். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். இவ்வளவையும் கேட்ட பிறகுதான் நான் படத்தையே பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாக மலைநாட்டில் ஸ்பேனர் பிடிக்கிறேன். வண்டியைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தால் புத்தி வண்டிப் பக்கமே சாயும்.

கழிவு என்ற சொல் நம் ஊரில் இரண்டு வேலை பார்க்கிறது. விலைக் கழிவும் கழிவுதான், கழித்துவிட்ட சாமானும் கழிவுதான். ஷோரூமில் நிற்பது எந்தக் கழிவு என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் சக்கரம் இருந்தால் போதும், விலை போகும் என்ற நிலை. அப்படிப்பட்ட காலத்திலும் விற்காமல் நின்ற ஒரு பைக்கை இப்போது கழிவு விலையில் தருகிறார்கள் என்றால் ஏன் நின்றது என்று வாய்விட்டுக் கேளுங்கள். காரணம் நல்லதாகவும் இருக்கலாம். நிறம் பிடிக்காமல் போயிருக்கும், அல்லது அடுத்த மாடலில் ஸ்டிக்கரும் முன் விளக்கும் மாறியிருக்கும். ஹொண்டாவின் சி.ஆர்.எஃப். 250 எல் 2021 மாடலிலிருந்து 300 எல் ஆனபோது உலகம் முழுக்க நல்ல 250கள் இப்படித்தான் மலிந்தன. பெயர் 300 என்றாலும் அது 286 சீசி. அந்த முப்பத்தாறு சீசிக்காக நல்ல விலையில் கிடைக்கும் 250ஐ விட வேண்டியதில்லை. ஆசனம் உயரம், பார்ட்ஸ் வராது, பதிவே செய்ய முடியாது என்பவை வேறு வகைக் காரணங்கள். அவற்றுக்கு எந்தக் கழிவும் ஈடாகாது.

பதிவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் ஏமாந்தவர்களை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

250 என்று ஒரே எண் போட்ட பைக்குகளில் இரண்டு பிறவிகள் உண்டு. மேலே சொன்ன 250 எல் வீதிக்குப் பிறந்தது. அதே கம்பனியின் 250 ஆர் பந்தயத்துக்குப் பிறந்தது. பெயரில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. ஆர்-இல் முன் விளக்கு இல்லை, சிக்னல் இல்லை, வேகமானி இல்லை, சாவி போடவே இடமில்லை. ஆசனம் 95 சென்டிமீட்டரைத் தாண்டும். வலு எல்-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எடையோ முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. கேட்க இனிக்கும். ஆனால் இந்த ரக இஞ்சின்களின் கைநூலில் பிஸ்டன், ரிங் மாற்றும் காலம் கிலோமீட்டரில் இருக்காது, ஓடிய மணித்தியாலத்தில் இருக்கும். 15 மணித்தியாலம் என்றே அச்சடித்ததைப் பார்த்திருக்கிறேன். அது பந்தய ஓட்டத்துக்கான கணக்கு என்பது சரிதான். அதை நாலு மடங்காக்கினாலும் மாஸ்டர் பாடசாலைக்குப் போய் வருவதற்கு ஒரு தவணை தாங்காது.

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படியொரு பந்தயப் பைக்கைக் கழிவு விலையில் வாங்கினார். பதிவுச் சான்றான சி.ஆர். புத்தகம் பிறகு வரும் என்று விற்றவர் சொன்னாராம். வரவில்லை. வீதிக்குத் தேவையானவை இல்லாத வண்டியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எப்படிப் பதியும்? பதிவு இல்லாவிட்டால் வரிப்பத்திரம் இல்லை, காப்புறுதியும் இல்லை. அப்படி ஒரு வண்டி ஒரு பாட்டியின் காலில் இலேசாக உரசினாலும் முழுச் செலவும் வழக்கும் ஓட்டியவர் தலையில். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப்பாதையில் போட்டிக்கு இறங்குகிற பிள்ளைகள் இந்த ரகத்தை வாங்கட்டும். அவர்கள் வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தம்பியின் பைக் இன்று வீட்டுக்குப் பின்னால் ரெக்சின் போர்த்திக்கொண்டு நிற்கிறது. 450 பந்தயப் பைக்கைப் பற்றி நான் பேசப் போவதே இல்லை.

ஆக, மாஸ்டருக்கு முன்னால் இருந்தது பதிவு செய்யக்கூடிய இரண்டு ட்ரெயில் பைக்குகள். ஒன்று 150, மற்றது கழிவு விலை 250.

"மலைக்குப் பெரிய இஞ்சின்தானே அண்ணே வேணும்?" என்றார். அதில் பாதி உண்மை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. உறிஞ்சும் காற்று குறைந்தால் எரிப்பும் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு 3 வீதம் வலு போகும் என்பது எங்கள் தொழில் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 18 வீதம் வரை காணாமல் போகும், ஹட்டனில் 12 வீதம். கொழும்பில் 12 குதிரை வலு தரும் 150 நுவரெலியாவில் பத்தோடு நிற்கும். 20 தரும் 250 பதினாறுக்கு மேல் வைத்திருக்கும். இரண்டு பேர், ஒரு அரிசிப் பை, றம்பொடை வளைவுகள் என்றால் அந்த ஆறு குதிரையின் அருமை தெரியும்.

ஆனால் 150இன் சோம்பலுக்குச் சில ஆயிரத்தில் வைத்தியம் உண்டு. சங்கிலியை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 போடுங்கள். இழுவை ஏழு, எட்டு வீதம் கூடும், அதே அளவு வேகம் குறையும். தோட்டத்துப் பாதையில் அந்த வேகத்தை யார் தேடப்போகிறார்கள்? பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் உள்ள வண்டியாக இருந்தால், அதில் பெற்றோலை அளந்து விடும் துளையான ஜெட்டையும் பார்க்க வேண்டும். தாழ்நிலத்துக்கு வைத்த ஜெட்டோடு மேலே வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போய்ப் பிளக் கறுத்து, இஞ்சின் மூச்சுத் திணறும். சின்ன ஜெட் போட்டதும் உயிர் வரும். அதே ஜெட்டோடு கினிகத்தேனை இறங்கிக் கொழும்புவரை விரட்டினால் பெற்றோல் போதாமல் இஞ்சின் சுடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊசியால் பெற்றோல் தெளிக்கும் புது முறை வண்டிகள் அளவைத் தாமே சரிசெய்துகொள்ளும், இழந்த வலுவை மட்டும் அவற்றாலும் மீட்க முடியாது.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். என் கராஜுக்கு வளைந்த ஹேண்டிலும் உடைந்த கிளச் லீவருமாக வருகிற வண்டிகளைக் கேட்டால் கதை வேறு. அநேகமாக எல்லாம் இறக்கத்தில் விழுந்தவை. ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வண்டி நின்றுவிடும், இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் நிற்காத வண்டியை என்ன செய்வது?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். கல்லில் பாசி, கல்லுக்கு நடுவில் சேறு, ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் காண். 150 ட்ரெயில் பைக்கின் எடை 120 கிலோவை ஒட்டி இருக்கும். 250 ட்ரெயில் 130 முதல் 145 வரை போகும். இருபது கிலோ தட்டையான நிலத்தில் ஒன்றுமில்லை. சாய்வில் முன் சக்கரம் வழுக்கும்போது அந்த இருபதும் ஒரே காலில் இறங்கும். அந்தக் கால் தரையைத் தொட வேண்டுமே! நுனிவிரலால் தொட்டுக்கொண்டு பெரிய பைக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நிற்காமல் ஓட்டத் தெரிந்தவர்கள். கொழுந்து மூட்டையோடு யாராவது எதிரில் வந்தால் நாம் நிற்க வேண்டியிருக்கிறது.

250 பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின் இறக்கத்தில் நன்றாகப் பிடித்து இழுக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். அதற்கும் பழக்கம் தேவை. ஈரக் கல்லில் முதல் கியரில் கிளச்சைப் பட்டென்று விட்டால் பின் சக்கரம் உருளாமல் வழுக்கத் தொடங்கும். இரண்டாவது கியரில் விட்டு, பின் பிரேக்கை மெல்லத் தொட்டு இறங்குவது நல்லது. பழைய டூ-ஸ்ட்ரோக் 125 ஏதாவது மலிவாகக் கிடைத்தால், அதில் இந்த இஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு என்பதை இறங்கத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

லைசனைப் பொறுத்தவரை 150க்கும் 250க்கும் வித்தியாசமில்லை. ஏ1 என்பது 100 சீசிவரை மட்டும். இரண்டுக்குமே ஏ வகுப்பு வேண்டும். லீசிங்கில் எடுப்பவர்கள் கழித்த தொகையைப் பார்க்காமல் கடைசித் தவணைவரை கட்டப்போகும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

மாஸ்டரிடம் ஒரு வேலை சொன்னேன். ஷோரூமுக்குப் பாடசாலைக்குப் போடும் சப்பாத்தோடு போங்கள், இரண்டு வண்டியிலும் ஏறி உட்காருங்கள், மனைவியையும் பின்னால் உட்காரச் சொல்லுங்கள், பிறகு வண்டியை இடப் பக்கம் கொஞ்சம் சாய்த்துத் திரும்ப நிமிர்த்திப் பாருங்கள் என்று. பின்னேரம் போன் எடுத்தார். "250ல ஒரு கால் விரல்தான் அண்ணே எட்டுது. சாய்ச்சதும் சேல்ஸ் தம்பிதான் ஓடி வந்து பிடிச்சார்."

அதே ஷோரூமில் பழைய மாடல் 150 ஒன்றும் நின்றது. கழிவு குறைவு, நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்தும் பச்சை. அதைப் பார்க்க நானும் கூடப் போனேன். நின்ற வண்டிக்கு வரும் நோய்கள் ஓடிய வண்டியின் நோய்களைப் போல இருக்காது. டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தால் பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும். அப்படியென்றால் கார்பரேட்டருக்குள் ஜெட் அடைத்திருக்கும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்திருக்கும். வருடக்கணக்கில் சார்ஜ் ஏற்றாத பட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தால், காய்ந்த சீல் என்றால் குழாயில் ஒயில் வளையம் தெரியும். இவற்றை விலை பேசும்போதே எழுதி வாங்க வேண்டும், பிறகு அல்ல. உத்தரவாதம் எந்தத் திகதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இருந்தால் சரி.

இன்னொன்று. இன்று பதிந்தால் நம்பர் பிளேட் எழுத்து புதிதாக இருக்கும், ஆனால் சி.ஆர். புத்தகத்தில் தயாரித்த வருடம் பழையதாகவே இருக்கும். நாளை நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவர் அந்த வருடத்தைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். கழிவு பேசும்போது நீங்களும் அங்கேதான் விரல் வைக்க வேண்டும்.

டயரைக் கடைசியாகப் பார்த்தேன். ஒரு மீற்றரும் ஓடாத டயர், மேலே ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண்: 4019. 2019ஆம் ஆண்டின் 40ஆவது வாரம் என்று அர்த்தம். நகத்தை அழுத்தினேன், இறங்கவில்லை. டயர்க் கட்டைகளின் அடியில் மெல்லிய வெடிப்பு. பார்வைக்குப் புதிது, ஈரக் கல்லில் அது பிளாஸ்டிக். சேல்ஸ் தம்பி, "ஓடவே இல்லையே அங்கிள்" என்றார். எண்ணைக் காட்டினேன். உள்ளே போய் மனேஜரிடம் பேசிவிட்டு வந்து, டயர் இரண்டின் விலையைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்.

பச்சை 150 மறுநாள் கராஜுக்கு வந்தது. பதின்மூன்று பல் ஸ்ப்ரொக்கெட், சின்ன ஜெட், புது பிரேக் ஒயில், புது டயர். கழற்றிய டயர்களை எறிய மனமில்லாமல் மாஸ்டரே எடுத்துக்கொண்டார். மேல் டிவிசன் பாடசாலை வாசலில் இப்போது அவற்றில் ஜெரேனியம் நட்டிருக்கிறார்களாம்.