பேறுகால மன உளைச்சல்: சொல் விளக்கம்

ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மற்ற இடங்களில் எப்படியோ, கர்ப்பிணிக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் இது ஆபத்தான குழப்பம். சிகிச்சை தேவைப்படும் தாயையும் ‘எல்லாருக்கும் இருக்கிற டென்ஷன்தானே’ என்று வீட்டிலேயே வைத்திருந்துவிடுவார்கள்.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதன் வேர், இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினை. பொறியியலில் புழங்கிய அந்தச் சொல்லை உடலியலில் பரவலாக்கியவர் கனடா ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே. இது பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1936இல் வந்தது. நம் இயற்பியல் பாடநூல்களில் ஸ்ட்ரெஸ்ஸுக்குத் ‘தகைவு’ என்று பெயர். ‘டிப்ரெஷன்’ கீழே அமுக்குதல் என்ற பொருளில் பிறந்தது. ஆக, ‘அழுத்தம்’ சொல்லுக்குச் சொல் பொருந்துவது டிப்ரெஷனுக்குத்தான். பேச்சில் ஒட்டிக்கொண்டதோ ஸ்ட்ரெஸ்ஸுடன். எனவே ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘மன உளைச்சல்’, டிப்ரெஷனுக்கு ‘மனச்சோர்வு’ என்று பிரித்துக்கொள்வதே நல்லது. கைகால் உளைச்சல் என்கிறோமே, அதே உளைச்சல்தான். காரணம் விலகினால் பெரும்பாலும் தணியும்.

2020 கொரோனா பொதுமுடக்கத்தில் உளைச்சலுக்கான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக இ-பாஸ் வேண்டியிருந்தது. ஸ்கேனுக்குப் போனால் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம், பிரசவ அறையில் துணைக்கு ஆள் விடுவார்களா என்ற கவலை, கணவரின் வேலை. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதி கிடைத்ததே 2021 ஜூலையில்தான். தொற்று வந்த தாய் பால் கொடுக்கலாமா என்ற பதற்றம் வேறு. முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சாயலில் வருமாதலால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

மனச்சோர்வு இருக்குமா என்று கண்டறிய உதவுவது 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாள், தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பசி, உடல் அசதி பற்றி அதில் கேள்வியே இல்லை; பிள்ளை பெற்றவளுக்கு அவை எப்படியும் இருக்கும். தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதும், தூக்கம் கெடுகிற அளவுக்குத் துக்கமா என்றுதான் கேட்கிறது. மொத்தம் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். 10 முதல் 12 வரை என்றால் சில வாரத்தில் மறுபடி கேட்க வேண்டும். எவ்வளவு வந்தாலும் அது நோயை உறுதி செய்யாது.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். பெருந்தொற்றில் போனிலேயே விசாரித்தபோது, வீட்டாரும் கேட்கும்படி போடப்பட்ட ஸ்பீக்கர் இதே வேலையைச் செய்தது. ‘தனியா இருக்கீங்களாம்மா?’ என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 1 வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். அதுவரை தாயைத் தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.