அண்டி ஆபீசில் உள்தணிக்கையாளரை யார் பாஸ் போடுவது?

கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்தின் அண்டி ஆபீசுகளில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலைகளில், உணவுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 22000 சான்று வைத்திருப்பவர்களின் உள்தணிக்கைக் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று, இரண்டு நாள் பயிற்சிக்கான சான்றிதழ், லேமினேட் செய்து பத்திரமாக. இன்னொன்று, "அங்கீகரிக்கப்பட்ட தணிக்கையாளர்கள்" என்ற தலைப்பில் மேனேஜர் கையெழுத்திட்ட பெயர்ப்பட்டியல். வகுப்புக்குப் போனவர் எதை வைத்துத் தணிக்கையாளர் ஆனார் என்று சொல்லும் மூன்றாவது தாள் இருக்காது. சான்று தரும் அமைப்பிலிருந்து வரும் வெளி ஆடிட்டர் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கேட்க அவருக்கு ஆதாரமும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 22000:2018-இன் 7.2ஆம் பிரிவு, வேலை செய்பவருக்குத் தேவையான திறன் என்ன என்று நிறுவனமே முடிவுசெய்து, அது இருப்பதற்குச் சான்று வைக்கச் சொல்கிறது. 9.2, தணிக்கை பாரபட்சமின்றி நடக்கும்படி ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எப்படி மதிப்பிடுவது என்பதற்கு வழிகாட்டி ஐஎஸ்ஓ 19011:2018. அதன் 7ஆம் பிரிவு முழுக்க இதுதான். அது வழிகாட்டி மட்டுமே, அதைக் காட்டி யாரும் உங்களுக்குக் குறை எழுத முடியாது. சான்றிதழ் அமைப்புகள் தங்கள் ஆடிட்டர்களை மதிப்பிடுவதற்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 என்ற தனிக் கட்டாயத் தரம் உண்டு. அதற்காக அவர்கள் வைத்திருக்கும் படிவங்களை அப்படியே பிரதியெடுத்து 60 பேர் வேலைபார்க்கும் ஆலையில் வைப்பது வீண்வேலை.

முதலில், எந்தப் பகுதியைத் தணிக்கை செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அண்டி அவிப்பது, உடைப்பது, போர்மா என்ற உலர்த்தும் அறையில் காயவைப்பது, தொலி உரிப்பது, தரம் பிரிப்பது, டின்னில் அடைப்பது எல்லாம் ஒரே கூரைக்குள் நடந்தாலும் ஒரே அறிவைக் கேட்பதில்லை. போர்மாவைப் பார்ப்பவருக்கு, பருப்பு சரியாகக் காயாவிட்டால் தொலி கழலாது, அதிகம் காய்ந்தால் உரிக்கும்போது உடைந்து முழுப்பருப்பு துண்டாகும் என்பது தெரிய வேண்டும். பேக்கிங்கைப் பார்ப்பவருக்கு ஈரப்பதம் ஏன் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தெரிந்தால் போதாது. அதை அளக்கும் மீட்டரை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள் என்று கேட்கவும் தெரிய வேண்டும்.

சின்ன ஆலைகள் சிக்குவது இங்கேதான். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக்கூடாது என்பதால் உற்பத்தியைப் பார்க்க ஆபீஸ் கணக்கரை அனுப்பிவிடுகிறார்கள். அவரிடம் பாரபட்சம் இருக்காது, ஆனால் ஃபார்மில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் அவரால் நகர முடியாது. தரக்கட்டுப்பாட்டு ஆள் உற்பத்தியைப் பார்க்கலாம், உற்பத்தி சூப்பர்வைசர் கிடங்கையும் கொள்முதலையும் பார்க்கலாம். தரக்கட்டுப்பாட்டைப் பார்க்க வருடத்தில் ஒரு நாள் வெளியிலிருந்து ஒருவரைக் கூலிக்கு அழைப்பது நல்லது. அந்த ஆள், உங்கள் மேனுவலை எழுதிக்கொடுத்த கன்சல்டண்டாக இருந்தால் அவர் தன் கையெழுத்தைத் தானே திருத்துகிறார். சான்று தரும் அமைப்பையே உள்தணிக்கைக்குக் கூப்பிடவும் முடியாது, 17021-1 அதைத் தடுக்கிறது.

அடுத்து மதிப்பீடு. 19011 ஆறு முறைகளைச் சொல்கிறது: பதிவுகளைப் பார்ப்பது, பிறர் கருத்தைக் கேட்பது, நேர்காணல், நேரில் கவனிப்பது, தேர்வு வைப்பது, தணிக்கை முடிந்தபின் அறிக்கையை ஆராய்வது. இரண்டு முறைகளாவது சேர வேண்டும். சான்றிதழும் அனுபவமும் இரண்டு முறை என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் காகிதம், ஆகவே ஒரே முறைதான். எங்கள் கணிப்பில் ஒரு எழுத்துப் பயிற்சியும் ஒரு நேரடிக் கவனிப்பும் இருந்தால் மற்றவை தானாக அமையும்.

எழுத்துப் பயிற்சிக்கு வெளியே தேட வேண்டாம். உங்கள் மெட்டல் டிடெக்டர் பதிவேட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்து, ஒரு குழியைத் தோண்டி வையுங்கள். உதாரணமாக, எந்திரம் பிடிக்கிறதா என்று பார்க்க மணிக்கு ஒருமுறை இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று சோதனைத் துண்டுகளை ஓட்டும் ஆலை. 1 மணிக்கு மூன்றும் டிக். 2 மணிக்கு ஸ்டெயின்லெஸ் துண்டுக்கு எதிரே பெருக்கல் குறி. 2.20-க்கு, "செட்டிங் மாற்றியது", மூன்றும் டிக். இதில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

"கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார்கள், நல்ல விஷயம்" என்பவர் இன்னும் தயாராகவில்லை. எந்திரம் கடைசியாகச் சரியாக இருந்ததற்கு ஆதாரம் 1 மணிக்குத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு 2.20 வரை அதன் வழியாகப் போன பருப்பு எங்கே என்று கேட்பவர்தான் தேறியவர். இன்னும் ஒரு படி போகிறவர், டின் உலோகம் என்பதால் அடைத்தபின் அதை அப்படியே டிடெக்டரில் திரும்ப ஓட்ட முடியாது, 11.34 கிலோ டின்னை ஒவ்வொன்றாக வெட்டிக் கொட்டித்தான் ஓட்ட வேண்டும், அதனால்தான் அன்று யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்பதையும் ஊகிப்பார். அப்படிப்பட்டவரை விடாதீர்கள்.

பிறகு அதையே குறையாக எழுதச் சொல்லுங்கள். "மெட்டல் டிடெக்டர் பதிவு முறையாக இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. என்ன தேவை, என்ன கண்டார், எங்கே தவறுகிறது என்று மூன்றும் வர வேண்டும்: பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடிய பொருளைத் தனியே நிறுத்தி முடிவெடுக்க வேண்டும் (ஐஎஸ்ஓ 22000-இன் 8.9.4); 2 மணிச் சோதனையில் ஸ்டெயின்லெஸ் துண்டு பிடிபடவில்லை; 1 மணி முதல் அடைத்த டின்களை நிறுத்திவைத்ததற்கோ திரும்பச் சோதித்ததற்கோ பதிவு இல்லை. தேதியும் லாட் எண்ணும் சேர்ந்தால் அதைப் படிக்கும் யாரும் அந்த டின்களைத் தேடிப் போக முடியும்.

நேரடிக் கவனிப்புக்கு மதிப்பிடுபவர் கூடவே நடக்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. அவரும் தணிக்கை செய்து பழகியவராக இருக்க வேண்டும். முதலாளியின் மருமகன் என்பது தகுதியில் வராது. பார்க்க வேண்டியது கேள்வி எப்படி விழுகிறது என்பதை. தொலி உரிக்கும் மேசையில், "அக்கா, தலைக்கு நெட் எப்பவும் போடுவீங்கல்ல?" என்று கேட்டால் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. "அக்கா, கீழ விழுந்த பருப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டால் அவர் எதையாவது சொல்லியாக வேண்டும், சொன்ன தொட்டி எங்கே இருக்கிறது என்று தணிக்கையாளர் போய்ப் பார்க்கிறாரா என்பது அடுத்தது. பதிவுகளைத் தானே எடுக்கிறாரா, சூப்பர்வைசர் எடுத்து நீட்டியதை வாங்கிக்கொள்கிறாரா என்பதையும் குறியுங்கள்.

மொழியைத் திறன் பட்டியலில் பெரும்பாலானோர் சேர்ப்பதில்லை. இந்த எல்லையில் ஒரே ஷெட்டில் தமிழும் மலையாளமும் புழங்கும். வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியும் ஒடியாவும் சேரும். தணிக்கையாளருக்கு அந்த மொழி தெரியாதபோது, மொழிபெயர்க்க அந்தப் பிரிவின் சூப்பர்வைசரே வந்து நிற்பார். தொழிலாளி என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது சரியான பதிலாகத்தான் இருக்கும். வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

அங்கீகாரத்தை "உள்தணிக்கையாளர்" என்று மொட்டையாகக் கொடுக்காதீர்கள். எந்தத் தரம், எந்தப் பகுதிகள், யார் மதிப்பிட்டார், எந்த முறையில், அடுத்த மறுபரிசீலனை எப்போது என்று ஒரு வரியில் எழுதினால் போதும். "ஐஎஸ்ஓ 22000, கொள்முதல், கிடங்கு, போர்மா வரை, தரம் பிரித்தலும் பேக்கிங்கும் இல்லை" என்று எழுதிய அங்கீகாரம், எல்லாவற்றுக்கும் கொடுத்ததைவிட நம்பத்தக்கது. மறுபரிசீலனைக்குக் காலக்கெடு எந்தத் தரத்திலும் எண்ணாகச் சொல்லப்படவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தணிக்கை மட்டும் நடக்கும் ஆலைக்கு ஓராண்டு பொருத்தம்.

மறுபரிசீலனையில் ஒரு கேள்வியாவது புதிதாக இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம், காலநிலை மாற்றம் தங்களுக்குப் பொருந்துமா என்று நிறுவனங்கள் முடிவுசெய்ய வேண்டும் என்று ஐஎஸ்ஓ 9001, 22000 உட்படப் பல தரங்களின் 4.1-இல் சேர்த்தது. 2017 ஒக்கிப் புயலில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த மாவட்டத்தில், முற்றத்தில் அண்டி காயவைக்கும் ஆலை "பொருந்தாது" என்று எழுதியிருந்தால், உங்கள் தணிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறாரா?

கடைசியாக, அங்கீகாரத்தைத் திரும்பப் பெறவும் விதி எழுதிவையுங்கள். உள்தணிக்கை முடிந்து அதிக நாள் ஆகுமுன் வெளி ஆடிட்டர் அதே பகுதியில் பெரிய குறை ஒன்றை எழுதினால், அந்த உள்தணிக்கையைச் செய்தவரின் அறிக்கையை எடுத்து வைத்து மீண்டும் மதிப்பிட வேண்டும். அவரைத் திட்டுவதற்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. ஒருவேளை அவருக்கு அந்தப் பகுதிக்குக் கொடுத்த நேரமே அரை மணியாக இருந்திருக்கும். அப்படியானால் மாற வேண்டியது தணிக்கை அட்டவணை.