முழங்காலா, பாதமா: பழைய தையல் மிஷினுக்குள் ஒரு கரி அடுக்கு

"பாட்டியின் சிங்கர் மிஷினில் மோட்டார் இருக்கிறது, மிதிக்கிற பெடலைத்தான் காணோம். பெட்டி மூடிக்குள் வளைந்த இரும்புக் கம்பி ஒன்று மாட்டியிருக்கிறது. அது எதற்கு?" என்று ஒரு வாசகர் படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருந்தார்.

படத்தில் இருப்பது சிங்கர் 99 கே. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையில் செய்தது என்பதற்குத்தான் அந்த 'கே'. 1885இல் திறந்து 1980இல் மூடிய ஆலை அது. அங்கிருந்து கப்பலேறிய மிஷின்கள் நம் ஊர்களில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கம்பிதான் பெடல். மரப்பெட்டியின் முன்பக்கத்தில், வலது கை ஓரமாக ஒரு துளை இருக்கும். கம்பியை அதில் செருகினால் மேஜை விளிம்புக்குக் கீழே தொங்கி நிற்கும். வலது முழங்காலை அதன்மேல் சாய்த்து வலப்பக்கம் தள்ளினால் மிஷின் ஓடும். இன்னும் தள்ளினால் வேகம் கூடும். விட்டால் நிற்கும். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றி மூடிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிடலாம்.

கை மிஷின், கால் மிஷின், மோட்டார் மிஷின் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோட்டார் வந்தபோது ஒரு புதுக் கேள்வியும் வந்தது. இரண்டு கைகளும் துணியைப் பிடித்திருக்கின்றன. அப்படியானால் வேகத்தை எதனால் சொல்வது? 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதற்கு இரண்டு பதில்கள் பக்கம்பக்கமாக விற்றன. சிங்கர் தன் 99, 201 போன்ற மிஷின்களைப் பெட்டியோடு விற்றபோது பலவற்றுக்கு முழங்கால் கம்பி கொடுத்தது. 1930களில் வந்த சிறிய ஃபெதர்வெயிட்டுக்குக் கால் பெடல் கொடுத்தது. 1940இல் ஜெனீவாவில் பிறந்த எல்னா, முழங்கால் தள்ளியை மிஷினின் உடம்போடு சேர்த்தே கட்டியது. வேண்டும்போது கீழே மடக்கி இறக்கிக்கொள்ளலாம்.

இந்த இரண்டில் எது மேல் என்று பழைய மிஷின் பிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் கம்பியின் மறுமுனையைத் திறந்து பார்த்தால் மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். சிங்கர் மேஜைகள் சிலவற்றில் கால் பெடலையே ஒரு சட்டத்தில் மாட்டி, அதன் பொத்தானை முழங்கால் கம்பி அழுத்தும்படி செய்திருந்தார்கள். அதே பெடல், தரையில் கிடந்தால் பாதத்துக்கு, சட்டத்தில் ஏறினால் முழங்காலுக்கு. அதனால் முதலில் அந்தப் பெடலுக்குள் போய்விட்டு வருவோம். எனக்கு இந்த மிஷினிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

திருகுகளைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதில் நீளமான குழி. குழிக்குள் சின்னச் சின்னக் கருப்பு வில்லைகள், ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கியிருக்கும். மாத்திரை போல மெல்லிய, வட்டமான கரித்துண்டுகள். இடுக்கியால் எடுத்தால் விரலில் மை ஒட்டும். அடுக்கின் இரு முனையிலும் உலோகத் தொடுமுனைகள். ஒரு முனை வழியாக மின்சாரம் நுழைந்து, எல்லா வில்லைகளையும் கடந்து, மறுமுனை வழியாக மோட்டாருக்குப் போகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே இருப்பது இவ்வளவுதான். சுருள் கம்பி இல்லை, பற்சக்கரம் இல்லை.

இந்த அடுக்கை லேசாக அழுத்தினால் மின்தடை அதிகம். பலமாக அழுத்தினால் குறைவு. ஏன்?

கரி வில்லையின் முகம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிகிறது. நுண்ணோக்கியில் அது மேடும் பள்ளமும்தான். இரண்டு வில்லைகளைச் சேர்த்து வைத்தால் மேட்டின் உச்சியும் மேட்டின் உச்சியும் மட்டுமே தொடுகின்றன. முகப்பரப்பில் மிகச்சிறிய பங்குதான் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கிறது. வில்லை முழுவதும் பரவி வரும் மின்னோட்டம் அந்தச் சில புள்ளிகளை நோக்கி ஒடுங்கி, நெருக்கிப் பிதுங்கிக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி விரிகிறது. அந்த ஒடுக்கம்தான் தடை. சுவீடன்காரரான ராக்னர் ஹோம் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தத் தொடுபுள்ளிகளுக்கே கொடுத்தார். ஸ்விட்ச், ரிலே, மோட்டார் பிரஷ் எல்லாவற்றின் ஆயுளும் அங்கேதான் தீர்மானமாகிறது.

அழுத்தினால் என்ன ஆகிறது? உயர்ந்த மேடுகள் நசுங்குகின்றன, அவற்றின் தொடுபரப்பு விரிகிறது. அதுவரை எட்டாமல் இருந்த குட்டை மேடுகளும் வந்து தொடுகின்றன. மின்சாரத்துக்குப் புதுப் பாதைகள் திறக்கின்றன. வில்லைகள் பல இருப்பதால் இந்தச் சந்திப்புகளும் பல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைந்தாலே மொத்தத்தில் பெரிய மாற்றம். அழுத்தத்தை எடுத்தால் கரி தன் பழைய நிலைக்கு மீள்கிறது, பாதைகள் மூடிக்கொள்கின்றன.

உலோகத் தகடுகளை அடுக்கி ஏன் இதைச் செய்யவில்லை? உலோகத்தின் தடை மிகக் குறைவு. போதாததற்கு அதன் முகத்தில் ஆக்சைடு படலம் படிந்து தொடர்பைக் கெடுக்கும். பொறி பறந்தால் தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொள்ளும். கரி உருகி ஒட்டாது, துருப்பிடிக்காது, சூட்டைத் தாங்கும். 1877இல் எடிசன் தொலைபேசிக்குச் செய்த ஒலிவாங்கியும் இதே வித்தைதான். பேச்சின் அதிர்வு கரியை அழுத்தித் தளர்த்த, மின்னோட்டம் கூடிக் குறைந்து குரலாகப் போனது. தையல் மிஷினில் குரலின் இடத்தில் முழங்கால்.

அழுத்தத்துக்கும் தடைக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதல் லேசான அழுத்தத்தில் தடை சடசடவென்று விழும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் மெல்லத்தான் இறங்கும். கடைசி வரை அழுத்தினால் ஒரு தனித் தொடுமுனை வந்து கரி அடுக்கையே ஒதுக்கிவிட்டு மின்சாரத்தை நேராக மோட்டாருக்கு அனுப்பும். அதுதான் முழு வேகம். ஆக, நுணுக்கமெல்லாம் முதல் துளி அழுத்தத்தில் இருக்கிறது. மெதுவாகத் தைக்க விரும்புகிறவருக்குச் சிக்கலும் அங்கேதான்.

அந்தச் சிக்கலை மோட்டார் இன்னும் பெரிதாக்குகிறது. இது மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார். சுழலும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும்; வேகம் கூடக்கூட அது கூடும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கரி அடுக்கின் தடை அப்போதைக்கு 300 ஓம். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் 0.5 ஆம்பியர் இழுக்கிறது என்றால், கரியிலேயே 150 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 80. ஜீன்ஸ் துணியின் மடிப்பில் ஊசி இறங்க அது போதவில்லை. கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறீர்கள். சட்டென்று ஊசி இறங்குகிறது, மோட்டார் சுழலத் தொடங்குகிறது, மின்னோட்டம் 0.3 ஆம்பியராகக் குறைகிறது. இப்போது அழுத்தத்தைப் பழைய அளவுக்கே தளர்த்தித் தடை மறுபடி 300 ஓம் ஆனாலும் கரியில் போவது 90 வோல்ட்தான்; மோட்டாருக்கு 140 கிடைக்கிறது. உங்கள் கால் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, மோட்டாருக்கு மட்டும் 60 வோல்ட் கூடிவிட்டது! அதனால் அது இன்னும் வேகமெடுக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர் கையிலிருந்து துணி பிடுங்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். "அழுத்தாதே, அழுத்தாதே" என்று டெய்லரம்மா அதட்டுவார். அழுத்தாவிட்டால் கிளம்பாது, அழுத்தினால் பாயும். கிளம்பிய அந்தக் கணத்திலேயே அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தத் தெரிவதுதான் திறமை. (இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: கரியில் போன மின்சாரம் சூடாகத்தான் மாறும். 0.3 ஆம்பியரில் 27 வாட். மெதுவாக வெகுநேரம் தைத்தால் பெடல் சுடுவதும், உள்ளே பீங்கான் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.)

இப்போது முழங்காலா, பாதமா என்ற கேள்விக்கு வரலாம். தளர்த்துவதுதான் திறமை என்றால், எந்த உறுப்பால் எளிதாகத் தளர்த்த முடியும்?

கால் பெடலின் மேல் பாதம் இருக்கிறது, பாதத்துக்குப் பின்னால் காலின் எடை இருக்கிறது. குதிகால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தால் எடையைத் தரை வாங்கிக்கொள்ளும். கணுக்கால் மட்டும் நுணுக்கமாக வேலை செய்யும். பெடல் உயரமாக இருந்தாலோ, நாற்காலி தாழ்வாக இருந்தாலோ, வழவழப்பான தரையில் பெடல் நகர்ந்துபோய்க் காலை நீட்டித் தேட வேண்டி வந்தாலோ, அந்த எடை பொத்தானின் மேல் இறங்கும். அப்போது தளர்த்துவதற்குக் காலையே தூக்க வேண்டும்.

முழங்கால் கம்பியில் புவியீர்ப்புக்கு வேலையே இல்லை. பாதம் தரையில் நிற்கிறது, தொடை பக்கவாட்டில் மட்டும் சாய்கிறது. தள்ளுவதும் தளர்த்துவதும் ஒரே தசைகளின் விருப்பம். கம்பி நீளமானதால் நெம்புகோல் கணக்கும் உதவுகிறது: முழங்கால் சில சென்டிமீட்டர் நகர்ந்தால் கரி அடுக்கு துளிதான் நசுங்கும். அந்த முதல் துளி அழுத்தத்தை, அதாவது தடை செங்குத்தாக விழும் இடத்தை, முழங்கால் விரித்து நீட்டிக் கொடுக்கிறது. பெட்டியோடு சேர்ந்தே இருப்பதால் அது எங்கும் நகர்ந்து போவதும் இல்லை. காஜா ஓரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட முழங்கால் கம்பிக்கு ஈடு கிடையாது என்பது என் முடிவு.

ஆனால் நாள் முழுவதும் தைப்பவருக்கு இது பொருந்தாது. தொடையை வெளிப்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டே இருக்க இடுப்பின் பக்கத்துத் தசைகள் உழைக்க வேண்டும். அரை மணி நேரம் பிடித்தால் அவை சோர்ந்துவிடும். பாதத்தை அழுத்தி வைத்திருப்பதில் அந்தக் களைப்பு குறைவு. நீண்ட நேரம் பிடிக்க பாதம், சட்டென்று ஒரு தள்ளலுக்கு முழங்கால் என்ற பங்கீட்டைத் தொழிற்சாலைகள் கண்டுபிடித்துக்கொண்டன. திருப்பூரில் எந்த பவர் மிஷினைப் பார்த்தாலும் வேகம் பாதத்திடம் இருக்கும். பலவற்றில் மேஜைக்கு அடியில் வலது முழங்காலுக்கு ஒரு தட்டு இருக்கும். அதைத் தள்ளினால், ஊசிக்கு அருகே துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் தூக்கிக்கொள்ளும், கை துணியை விட வேண்டியதில்லை. வீட்டு மிஷின்களிலும் சுவிஸ் நிறுவனமான பெர்னினா அதே முழங்கால் தூக்கியைக் கொண்டுவந்தது. வேகக் கட்டுப்பாட்டை விட்ட முழங்காலுக்குத் தனக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1860களில் பிரான்சில் சில மருத்துவர்கள், மிஷின் மிதிப்பது பெண்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றுகூட எழுதினார்கள். நம் ஊரில் கிரகணத்தன்று கர்ப்பிணி ஊசி எடுத்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்று பயமுறுத்துவது இன்னும் நிற்கவில்லை. தைக்கும் பெண்ணின் உடம்பைப் பற்றி இப்படிக் கதை சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். நாளெல்லாம் அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் உண்மையில் என்ன ஆகிறது, அந்தத் தட்டு அவர் உயரத்துக்கு எங்கே இருக்க வேண்டும், பெடலின் சாய்வு என்ன என்று அளந்து பார்க்கத்தான் பணம் வர மாட்டேன் என்கிறது. இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஆடைத் தொழில் நடக்கும் ஊர்களின் பொறியியல் கல்லூரிகளே செய்யலாம். அரசு அந்த நிதியைக் கொடுக்க வேண்டும். ஏற்றுமதியில் சம்பாதிப்பவர்களும் கொடுக்க வேண்டும்.

சரி, வாசகரின் மிஷினுக்கு வருவோம். உடனே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். மோட்டார் மேல் இருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 110 என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் அது கருகிவிடும். பழைய ரப்பர் ஒயர் வெடித்து உதிரும். மிஷினின் உடம்பு இரும்பு, எர்த் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து, ஒயரை மாற்றியே ஆக வேண்டும். பிரிட்டனில் செய்த மிஷின்களின் பெடலிலோ மோட்டாரிலோ ரேடியோ இரைச்சலைத் தடுக்க மின்தேக்கி ஒன்று வைத்திருப்பார்கள். பெடலில் இருப்பது வயதாகிப் பழுதானால், யாரும் தொடாமலே மிஷின் முழு வேகத்தில் ஓடத் தொடங்கலாம். எலெக்ட்ரீஷியனிடம் அதைத் தனியாகச் சொல்லிக் கழற்றவோ மாற்றவோ சொல்லுங்கள். கரி வில்லைகளில் எண்ணெய் விட வேண்டாம்.

இதெல்லாம் முடிவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளக் போடாமல் கம்பியைச் செருகி முழங்காலால் தள்ளி விடுங்கள். அது தானாகவே திரும்பி வர வேண்டும். மெதுவாக வந்தாலோ நடுவில் நின்றாலோ உள்ளே அழுக்கோ துருவோ பிடித்திருக்கிறது. மின்சாரம் கொடுக்கும் முன் அதைச் சரிசெய்யாவிட்டால் நிறுத்த நினைத்தாலும் மிஷின் நிற்காது. எல்லாம் சரியான பிறகு முதல் ஓட்டத்துக்கு நூல் கோக்காதீர்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டிப் பாருங்கள். கிளம்பியதும் முழங்காலைத் துளி தளர்த்துங்கள்.