பட்டறைத் தூசியும் காற்று போகும் வழியும்

டேபிள் ஸாவில், அதாவது மேசைக்கு நடுவே வட்ட பிளேடு சுழலும் மரம் அறுக்கும் மெஷினில், நாலு பலகை அறுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் போகும் பாதையில் புகை மாதிரி ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். நான் முதல்முறை இப்படிப் பார்த்தபோது தூசி உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தரையும் சுத்தமாகத்தான் இருந்தது. அன்றோடு தரையைப் பார்த்துப் பட்டறை சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

தரையில் விழும் மரத்தூளைக் கூட்டி அள்ளிவிடலாம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது விழாமல் நிற்கும் தூசி. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 70 பங்கு. நுரையீரலுக்குள் இறங்கக்கூடிய தூசி 10 மைக்ரானுக்கும் கீழே, தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாது. அசையாத காற்றில் 100 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே விழ நாலைந்து விநாடி ஆகும். 10 மைக்ரான் துகளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். பட்டறைக் காற்று ஒருநாளும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், காலையில் கிளப்பிய தூசியை மாலையிலும் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மரச்சாமான் செய்யும் தொழிலாளர்களிடம் மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை 1960களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூசிக்கு வேலையிடத்தில் இப்போது இருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம்.

அந்த 2 மில்லிகிராமை வீட்டுப் பட்டறைக்குள் கொண்டுவந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும். நாலு மீட்டருக்கு ஐந்து மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் என்று ஓர் அறையை வைத்துக்கொண்டால் உள்ளே 50 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அறை முழுவதும் வரம்பைத் தொட 100 மில்லிகிராம் தூசி போதும், ஒரு சிட்டிகை அளவுதான். இப்போது 25 மில்லிமீட்டர் கனமான ஒரு பலகையை 2.4 மீட்டர் நீளத்துக்கு நெடுக்காக ஒருமுறை அறுக்கிறோம் என்று வையுங்கள். பிளேடு தின்னும் அகலம் 3 மில்லிமீட்டர் என்றால் 180 கன சென்டிமீட்டர் மரம் தூளாகிறது, எடையில் சுமார் 125 கிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் நுண்தூசியாகித் தப்பினாலே போதும், ஒரே அறுப்பில் வரம்பைத் தாண்டிவிட்டோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தூளைப் பிடித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்படிப் பிடிப்பது? பெரும்பாலானவர்கள் முதலில் யோசிப்பது மோட்டாரைப் பற்றி, எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு இழுக்கும் என்று. நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் நுண்தூசி தானாக எங்கேயும் போகாது, காற்று எங்கே போகிறதோ அங்கே போகும். ஆகவே காற்று எங்கிருந்து வந்து எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு மெழுகுவர்த்தியைக் கை நீளத்தில் வைத்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து வாயால் இழுத்துப் பாருங்கள், சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் கற்றையாகப் போகிறது. இழுக்கும் குழாய்க்குத் திசையே கிடையாது, முன்னால், பக்கத்தில், பின்னால் என்று எல்லாப் பக்கமிருந்தும் காற்றை எடுக்கும். அதனால் வாயை விட்டு விலக விலக வேகம் படுவேகமாகக் குறையும். திறந்த குழாயின் வாயில் இருக்கும் வேகம், குழாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே 7 சதவீதத்துக்கு வந்துவிடும். நாலு அங்குலக் குழாயைப் பிளேடிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்தால் நூற்றில் 93 பங்கு வேகம் போய்விட்டது என்று அர்த்தம். இதற்கு மோட்டாரை இரண்டு மடங்காக்குவதைவிடக் குழாயைப் பாதித் தூரம் கிட்டே கொண்டுபோவது அதிகம் உதவும், அதற்குச் செலவும் இல்லை. குழாய் வாயைச் சுற்றித் தட்டையாக ஓர் அட்டை விளிம்பு ஒட்டினால்கூடப் பின்பக்கத்துக் காற்றை வீணாக இழுப்பது குறைந்து, முன்பக்கம் கொஞ்சம் பலம் கூடும்.

அப்புறம் பிளேடின் வேகம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் அதன் பல்லின் வேகம் விநாடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர். உறிஞ்சும் குழாய்க்குள் காற்று ஓடும் வேகம் விநாடிக்கு 20 மீட்டர்தான். அந்த வேகத்தில் தெறித்துப்போகும் தூளை எந்தக் குழாயும் துரத்திப் பிடிக்க முடியாது, அது போகும் பாதையில் வாயைத் திறந்து காத்திருக்கத்தான் முடியும். டேபிள் ஸாவில் இந்தப் பாதைகள் இரண்டு. முதல் பாதை மேசைக்கு அடியில், அதற்குத்தான் கம்பெனியே ஒரு வாய் வைத்துக் கொடுக்கிறது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பற்களுக்கு இடையிலுள்ள குழிகளில் கொஞ்சம் தூள் அடியில் கொட்டாமல் தங்கி, பிளேடோடு சுற்றி மேலே வந்து, அறுப்பவர் முகத்தை நோக்கித் தெறிக்கிறது. பலகையின் ஓரத்தைச் சீவும்போது பிளேடின் ஒரு பக்கம் திறந்தே இருப்பதால் இது இன்னும் அதிகம். பிளேடின் மேல்மூடியிலேயே ஒரு குழாயைப் பொருத்தி இழுத்தால்தான் இது அடங்கும். நான் செய்த மாற்றங்களில் டார்ச் வெளிச்சத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது இந்த மேல்மூடி வைத்த பிறகுதான்.

அடிப்பக்கம் ஓட்டைகளை அடைக்கும்போது கவனம் வேண்டும். எல்லாவற்றையும் டேப் போட்டு இறுக்கமாக மூடிவிட்டால் உள்ளே காற்று வர வழியில்லாமல் ஓட்டம் நின்றுவிடும், தூள் அப்படியே குவியும். குழாய் வெளியே இழுக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றுக்கும் ஒரு லிட்டர் உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே குழாய்க்குப் பக்கத்திலுள்ள ஓட்டைகளை மூடிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒன்றை விட்டுவையுங்கள். காற்று பெட்டி முழுவதையும் கடந்து வரும்போது வழியில் கிடப்பதையும் வாரிக்கொண்டு வரும்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். வேக்குவம் கிளீனர் ஒரு ரகம், பெரிய இறக்கைச் சக்கரம் வைத்த தூசி உறிஞ்சி வேறு ரகம். முன்னது பலமாக இழுக்கும், ஆனால் குறைவான காற்றையே நகர்த்தும், அதனால் சிறிய குழாய்க்குச் சரி. பின்னது மெதுவாக இழுத்தாலும் பல மடங்கு காற்றை நகர்த்தும், ஆனால் சின்னத் தடை வந்தாலே சோர்ந்துவிடும். உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் சாண்டருக்கு வேக்குவமும், மரத்தைச் சீவும் பிளேனர், டேபிள் ஸா போன்றவற்றுக்குப் பெரிய உறிஞ்சியும் பொருந்தும். பெரிய உறிஞ்சியை இரண்டரை அங்குலக் குழாயில் கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரே அளவு காற்றை அனுப்பும்போது குழாயின் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. விட்டத்தை நாலு அங்குலத்திலிருந்து இரண்டரையாகக் குறைத்தால் தடை பத்து மடங்கு ஏறுகிறது, நாலை ஆறாக்கினால் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு அங்குலமும் போடக் கூடாது, தூளைத் தூக்கிச் செல்ல அந்த 20 மீட்டர் வேகம் வேண்டும். நாலு அங்குலக் குழாயில் அதற்கு நிமிடத்துக்கு 340 கன அடி காற்று போதும், ஆறு அங்குலத்துக்கு 770 தேவை. சின்ன மோட்டாரால் அது முடியாது, தூள் குழாயின் அடியிலேயே படிந்து ஒருநாள் அடைத்துக்கொள்ளும். சின்ன மெஷின் என்றால் நாலு அங்குலம், நீளத்தைக் குறைத்து, முடிந்தவரை வழவழப்பான குழாய். வளையும் ஹோஸின் உள்ளே இருக்கும் வரிகள் ஒவ்வொன்றும் காற்றைத் தட்டிவிடும், அதனால் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் ஹோஸ் போதும்.

அடைப்பைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் மூடினால் சத்தம் கீச்சென்று ஏறும். மோட்டார் கஷ்டப்படுகிறது என்று தோன்றும், உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் அது லேசாகி வேகமெடுக்கிறது. வேலைக்கு நடுவில் அந்தக் கீச்சு கேட்டால் நிறுத்திவிட்டு ஃபில்டரைப் பாருங்கள்.

ஃபில்டர் சீக்கிரம் அடைபடாமல் இருக்கத்தான் முன்னால் சைக்ளோன் வைக்கிறோம். கூம்பு வடிவப் பாத்திரத்துக்குள் காற்று சுழலும்போது கனமான தூள் சுவரில் மோதிக் கீழே வாளிக்குள் இறங்கும், காற்று நடுவில் திரும்பி மேலே போகும். துகள் சின்னதாகச் சின்னதாக இந்த வித்தை பலிக்காது. விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும், ஆனால் காற்று அதை இழுத்துச்செல்லும் விசை பாதிதான் குறையும், ஆகவே சுவரை நோக்கி நகரும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். அதாவது நாம் எந்தத் தூசிக்குப் பயப்படுகிறோமோ அதுதான் சைக்ளோனைத் தாண்டிப் போகிறது. அதற்கப்புறம் இருக்கும் ஃபில்டர் 30 மைக்ரான் துணிப்பை என்றால், தரைத் தூளைப் பையில் போட்டுவிட்டு நுண்தூசியை மூக்குயரத்தில் தூவுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். 1 மைக்ரான் மடிப்பு ஃபில்டராவது வேண்டும், வேக்குவமுக்கு ஹெப்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர் கிடைத்தால் நல்லது, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். காற்றை அப்படியே வெளியே விட வசதி இருந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை, ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

சாண்டர்தான் அதிக நுண்தூசி கிளப்புவது, ஆனால் பிடிக்கவும் அதுதான் சுலபம். தூசி பிறக்கும் இடத்தையே தட்டு மூடியிருக்கிறது, துளைகள் நேராக அதன் மேலேயே இருக்கின்றன, கொஞ்சக் காற்று போதும். உப்புத்தாளின் துளைகள் தட்டின் துளைகளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூசி உடனுக்குடன் போய்விட்டால் தாளும் அடைபடாமல் நீண்ட நாள் வரும்.

பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் வந்து வெடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மரத்தூசி வெடிக்க ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 40 கிராம் மிதக்க வேண்டும், நாம் மேலே பேசிய வரம்பைப்போல இருபதாயிரம் மடங்கு. வீட்டுப் பட்டறைக் குழாயில் கையில் சுருக்கென்று ஷாக் அடிப்பது நடக்கும், வெடிப்பு நடப்பது மிக அரிது. நிஜமான ஆபத்து வேறு. பலகையில் மறைந்திருக்கும் ஆணியில் பிளேடு பட்டுத் தெறிக்கும் பொறி தூள் வாளிக்குள் போய், யாரும் இல்லாத நேரத்தில் கனன்றுகொண்டிருப்பதுதான். பழைய மரம் அறுத்த நாளில் வாளியை வீட்டுக்குள் விட்டுவைக்காதீர்கள்.

காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசியின் அளவைக் காட்டும் சின்ன பிஎம் 2.5 மீட்டர் ஒன்றை வேலை செய்யும் இடத்தில் மூக்குயரத்தில் மாட்டி, எந்த வேலையில் எண் ஏறுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். அது சொல்லும் எண் மரத்தூசிக்குத் துல்லியமாக இருக்காது, ஏற்ற இறக்கம் மட்டும் நன்றாகத் தெரியும். அதிகம் ஏறியது அறுக்கும்போது இல்லை, சைக்ளோன் வாளியைக் காலி செய்யும்போது. இப்போது வாளியைத் தூக்கி வெளியே கொண்டுபோய், ஒரு பெரிய பையை அதன் வாய்மேல் போட்டுக் கட்டி, வாளியோடு சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, உள்ளே தூசி அடங்கப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுகிறேன். மாஸ்க்கைக் கழற்றுவது பையின் வாயை முடிச்சுப் போட்ட பிறகுதான்.